திருவனந்தபுரத்தில் ஒரு பொழியும் ஒரு பயிலரங்கமும்

தண்ணீரைப் பற்றிப் பேச எங்கள் கோவில்பட்டியில் யாரையும் வெளியூர் அனுப்ப வேண்டியதில்லை. காலையில் குழாயடிக்குப் போனால் போதும், காது கொள்ளாத அளவுக்குப் பேச்சு கிடைக்கும். இருந்தாலும் கல்லூரி முதல்வர் என்னைத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பினார். மாறிவரும் காலநிலையில் நீரும் உயிர்ச்சூழலும் என்று மூன்று நாள் பயிலரங்கம். தாவரவியல் துறையில் என்னைவிட மூத்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் வீட்டில் கல்யாணம். இன்னொருவருக்குத் தேங்காயெண்ணெய் ஆகாது. எனக்கு அப்படி எந்தத் தகுதியும் இல்லாததால் நான் போனேன். ஊருணியில் வளரும் செடிகளைப் பற்றிப் பன்னிரண்டு நிமிடம் வாசிக்க ஒரு கட்டுரையும், பழக்க தோஷத்தால் ஐந்து லிட்டர் கேனில் குடிதண்ணீரும் என்னோடு வந்தன.

இரண்டாயிரம் பிறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. மழை எங்களைத் தொடர்ந்து ஏமாற்றிக்கொண்டிருந்த காலம். கேரளத்துக்காரர்களை அது ஏமாற்றாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

கரமனையில், என்னோடு வேலை பார்க்கும் ஆசிரியையின் அக்கா ராஜம் வீட்டில் தங்க ஏற்பாடு. ஆற்றங்கரை அக்ரஹாரம். ஓடு வேய்ந்த வீடுகள் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கும் தெரு. ராஜம் வங்கியில் வேலை பார்ப்பவர். கதவைத் திறந்ததும் சொன்னார்: "வாங்கோ, வாங்கோ. வெள்ளம் இப்பத்தான் போச்சு, கேட்டேளா. இனி சாயங்காலம்தான் வரும்."

நான் பதறிப்போய் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். தெரு காய்ந்து கிடந்தது. மலையாளத்தில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர்தான், அதாவது குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது என்று புரிய சற்று நேரமாயிற்று. புரிந்த பிறகு எனக்கு ஓர் அற்ப சந்தோஷம். ஆற்றங்கரையில் இருந்துகொண்டு குழாய்க்குக் காத்திருக்கிறார்கள். நான் கேனைத் திறந்து, கோவில்பட்டித் தண்ணீரில் முகம் கழுவினேன்.

பயிலரங்கம் கழக்கூட்டத்தில். கரமனையிலிருந்து ஊரின் அடுத்த முனை. பேருந்துப் பலகைகளெல்லாம் மலையாள எழுத்தில் இருந்தன. முதல் எழுத்து 'க' என்று மட்டும் ராஜம் எழுதிக் காட்டியிருந்தார். கரமனைக்கும் கழக்கூட்டத்துக்கும் காட்டாக்கடைக்கும் அதே எழுத்துதான் என்பதை, காட்டாக்கடையில் இறங்கிய பிறகு தெரிந்துகொண்டேன். நடத்துநர் என்மேல் இரக்கப்பட்டுத் திரும்பிப் போகும் வண்டியில் ஏற்றிவிட்டார். துவக்க விழாவைத் தவறவிட்டேன். அதற்கும் நடத்துநருக்கு நன்றி.

அரங்கத்தின் மேடையில் பேச்சாளர்களுக்கு முன்னால் தண்ணீர் பாட்டில்கள் வரிசையாக நின்றன. கழிப்பறையில் மட்டும் தண்ணீர் இல்லை. மதியம் சிவப்பரிசிச் சோறு, மோர்க்குழம்பு, வறுத்த மீன். தம்ளரில் இளஞ்சிவப்பு நிறத்தில் சூடாக ஏதோ ஊற்றினார்கள். தம்ளரைச் சரியாகக் கழுவவில்லை என்று நினைத்து நான் கொட்டிவிட்டேன். மறுபடி ஊற்றினார்கள். மறுபடி கொட்டினேன். மூன்றாம் முறை பரிமாறுபவர் என் அருகே குனிந்து, அது பதிமுகப் பட்டை போட்டுக் கொதிக்கவைத்த குடிதண்ணீர், வயிற்றுக்கு நல்லது என்று மெதுவாகச் சொன்னார். பிறகு மூன்று தம்ளர் குடித்தேன்.

இரண்டாம் நாள் காயல் பார்க்க அழைத்துப்போனார்கள். அந்தக் காயலின் பெயரைச் சொன்னால் யாராவது வருத்தப்படக்கூடும், அதனால் வேண்டாம். கடலுக்கு மிக அருகில் உள்ள சிறிய காயல். நாற்பது பேரையும் ஒரு பேருந்தில் ஏற்றினார்கள். நெடுஞ்சாலையில் மென்பொருள் நிறுவனங்களின் வண்டிகளுக்கும் ஜல்லி லாரிகளுக்கும் நடுவே ஒன்றரை மணி நேரம் நின்றோம். வாகனப் புகை சூழலை எப்படிப் பாதிக்கிறது என்று ஒரு பேராசிரியர் சன்னலை மூடிக்கொண்டு விளக்கினார். அரங்கத்தின் பின்வாசல் வழியாக நடந்தால் காயல் இருபது நிமிடம் என்பது மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது.

காயலில் தண்ணீரைக் காணோம். கரைக்குக் கரை ஆகாயத்தாமரை மூடியிருந்தது. பத்ரோஸ் என்ற மீனவர் தன் வள்ளத்தில் ஐந்தைந்து பேராக எங்களை ஏற்றி, கோலால் செடியைத் தள்ளித் தள்ளி வழி உண்டாக்கினார். ஐம்பது வயது இருக்கும். பேசும்போது ஆளைப் பார்க்காமல் தண்ணீரைத்தான் பார்ப்பார். காயலின் மேற்கு முனையில் ஒரு மணல் மேடு, அதற்கு அப்பால் கடல். அலை கொண்டுவந்து போடும் அந்த மணல் மேட்டைப் பொழி என்கிறார்கள்.

"கடல் போடும், மழை வெட்டும்," என்றார் பத்ரோஸ். அவருடைய மலையாளம் எனக்கு முக்கால்வாசி புரிந்தது. "இடவ மாசத்தில், உங்கள் வைகாசியில், மழை பிடித்தால் காயல் நிறைந்து தானே பொழியை உடைத்துக்கொண்டு போகும். அதற்குள் கரிமீன் குஞ்செல்லாம் வளர்ந்துவிடும். உப்புத் தண்ணீர் உள்ளே வரும். இந்தப் பாழாய்ப்போன செடி சாகும். யாரும் யாருக்கும் உத்தரவு போட வேண்டியதில்லை."

"இப்போது?"

"இப்போது மழைக்கு மாசம் தெரியவில்லை. பெய்ய வேண்டியபோது பெய்யாது. பெய்தால் ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்டும். வயலாக இருந்தபோது நிலம் குடித்தது. இப்போது மண் அடித்துவிட்டார்கள். அதுவும் குடிக்காது."

கரையில் நின்றிருந்த நீர்ப்பாசனப் பொறியாளர் ஒரு குச்சியால் பொழியைக் காட்டி, முன் அனுமதியில்லாமல் இதை வெட்டுவது தண்டனைக்குரிய குற்றம் என்று எங்களுக்கு விளக்கினார். எல்லாரும் குறித்துக்கொண்டோம்.

அன்று மாலை ராஜத்துக்குப் பருப்பும் எனக்கு ஒரு குடையும் வாங்கச் சாலைக் கடைத்தெருவுக்குப் போனேன். மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. குடைக் கடைக்காரர் அம்பாசமுத்திரத்துக்காரர். "பங்குனி மாசத்துல குடை கேக்கியளே டீச்சர்," என்று சிரித்தார். "நீங்க மட்டும்னு இல்ல. இப்பல்லாம் கோடையில குடை விக்கேன், மழைக்காலத்துல விசிறி விக்கேன். எங்கப்பா பாத்த யாவாரத்துல எனக்கு உபயோகமா மிஞ்சுனது இந்தப் பூட்டும் சாவியுந்தான்." நான் கடையை விட்டு இறங்குவதற்குள் மழை தொடங்கிவிட்டது. விடியும்வரை விடவில்லை.

மூன்றாம் நாள் காலை மழை நின்றிருந்தது. அரங்கத்தில் எல்லார் முகத்திலும் மலர்ச்சி. தலைவர் மழையை வரவேற்று இரண்டு வார்த்தை சொன்னார். கைதட்டினார்கள். என் கட்டுரை பன்னிரண்டேகால் மணிக்கு. பதினோரு மணி தேநீருக்கு வெளியே வந்தபோது வாசலில் சத்தம். இடுப்புக்குக் கீழே சேறு அப்பிய ஒரு பெண், காவலாளியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"வீட்டுக்குள்ள வெள்ளம் வந்துட்டுய்யா! வெள்ளம் வந்துட்டு!"

காவலாளி மலையாளி. அவர் முகம் மலர்ந்தது. "வெள்ளம் வந்ததா? நல்லதுதானே. போய்ப் பிடித்து வை," என்றார்.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். நான் அருகே போனேன். "எந்த ஊரும்மா நீ?" என்று கேட்டதும் என் மணிக்கட்டைப் பிடித்தவள், பிறகு வெகுநேரம் விடவில்லை.

பெயர் மாரியம்மாள். சங்கரன்கோவில் பக்கம். கணவன் செல்வத்தோடு கட்டட வேலைக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. காயலில் சேரும் வாய்க்காலின் கரையில், தகரக் கூரை போட்ட ஒரு வரிசை வீடுகளில் குடியிருக்கிறார்கள். செல்வம் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புவரை மாவுக்கட்டுப் போட்டுக் கட்டிலில் கிடக்கிறான்.

"ஆம்பளையாளு எல்லாரும் வேலைக்குப் போயிட்டாக. மழை நின்னும் தண்ணி ஏறிக்கிட்டே வருதுக்கா. நாங்க பொம்பளையாளுக மாவுக்கட்டோட அவுகளத் தூக்கி அந்தச் சேத்துல நடக்க முடியல. பொழிய வெட்டுனாத்தான் வடியுமாம். அதுக்கு உத்தரவு குடுக்க ஆபீசர் இங்கன இருக்காராம்."

ஆபீசர் பத்தடி தள்ளி பருப்பு வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் போய்ச் சொன்னேன். அவர் மோசமான மனிதர் இல்லை. வடையைக் கீழே வைத்துவிட்டு, நல்ல தமிழில் பேசினார். "கஷ்டம்தான் டீச்சர். ஆனா பொழி முறிக்கணும்னா ஃபைல் வில்லேஜ் ஆபீஸ்லேர்ந்து மேல போய் எங்கிட்ட வரணும். ஒரு மனு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க. உச்சைக்கு மேல எனக்கு செஷன் இருக்கு, அது கழிஞ்சதும் பார்க்கறேன்."

அவருடைய தலைப்பு, நீர் மேலாண்மையில் மக்கள் பங்கேற்பு.

"எழுதிக் குடுக்கதுக்குள்ள கட்டில் மெதந்துரும் சார்," என்றாள் மாரியம்மாள்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டேகாலுக்குள் திரும்ப முடியுமா என்றுதான் என் மனம் கணக்குப் போட்டது. அவள் கையை விட்டிருந்தால் நான் உள்ளே போயிருப்பேன். அவள் விடவில்லை. பின்வாசல் வழியாக இழுத்துக்கொண்டு நடந்தாள்.

தகரக் கூரை வீடுகளில் தண்ணீர் தொடைக்கு வந்திருந்தது. கறுத்து, நாற்றமடிக்கும் தண்ணீர். கழிவுக்குழிகளும் அதில் கலந்திருந்தன. அண்டை வீட்டுப் பெண்கள் பாத்திரங்களைக் கூரைமேல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். செல்வம் கட்டிலில் கூரைக்கு அருகே கிடந்தான். ஒவ்வொரு காலின் கீழும் நான்கு சிமெண்டுக் கல். அதற்குமேல் அடுக்கினால் சரிந்துவிடும். கல் வைத்து உயர்த்துவதற்கு முன்பே மாவுக்கட்டின் ஓரம் ஊறிக் கரையத் தொடங்கியிருந்தது.

"வாங்க டீச்சர். உக்காருங்கன்னு சொல்லத்தான் எடம் இல்ல," என்றான். சிரிக்க முயன்றான். கை கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்திருந்தது. "விடிகாலையில ஒரு பாம்பு வந்துச்சு. நான் ஓட முடியாதுன்னு அதுக்கும் தெரிஞ்சிருக்கும்போல. பாத்துட்டுப் போயிட்டு."

வாசல் வழியாக ஆகாயத்தாமரையும் ஊதாப் பூவோடு உள்ளே வந்து மிதந்தது. அதன் இலத்தீன் பெயர், குடும்பம், பிறந்த கண்டம் எல்லாம் எனக்குத் தெரியும். எதைச் சொன்னாலும் அது வெளியே போகாது. பதினேழு வருடமாகப் பாடம் நடத்துகிறேன். அவ்வளவு உபயோகமற்றவளாக அதற்குமுன் ஒரு நாளும் உணர்ந்ததில்லை.

மாரியம்மாள் பக்கத்து வீட்டுப் பெண்ணை வேலையிடத்துக்கு விரட்டினாள். சாப்பாட்டு வேளை மணி அடித்ததும் பத்துப் பதினைந்து பேர் மம்பட்டியோடு ஓடிவந்தார்கள். முன்னால் மேஸ்திரி முருகையா. செல்வத்தை நாலு பேர் தூக்கி மேட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று பார்த்தார்கள். அசைத்ததும் அவன் போட்ட சத்தத்தில் கையை எடுத்துவிட்டார்கள். "பொழிக்குப் போங்கலே," என்றார் முருகையா.

பொழியில் பத்ரோஸ் நின்றிருந்தார். தனி ஆள். வள்ளத்தின் கோலைக் குறுக்கே பிடித்திருந்தார்.

"இவர்களிடம் சொல்லுங்கள்," என்றார் என்னைப் பார்த்து. தண்ணீரைப் பார்க்காமல் அவர் என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. "உள்ளே இருப்பது எல்லாம் விரல் நீளக் குஞ்சு. இப்போது வெட்டினால் முழுவதும் கடலுக்குப் போய்விடும். இந்த வருஷம் நான் எதைப் பிடிப்பேன்? என் வீட்டில் நாலு வயிறு இருக்கிறது."

நான் சொன்னேன். முருகையா மம்பட்டியை மணலில் ஊன்றினார். "மனுசன் உசுரு பெருசா, மீன்குஞ்சு பெருசான்னு கேளுங்க டீச்சர். வெலகலைன்னா தூக்கிப் போட்டுட்டு வெட்டுவோம்னு சொல்லுங்க."

கரையில் பத்ரோஸின் ஆட்கள் சிலர் கூடத் தொடங்கியிருந்தார்கள். இரண்டு பக்கமும் ஒருவர் பேச்சு மற்றவருக்கு அரைகுறையாகத்தான் புரியும். இரண்டும் ஏறக்குறையப் புரிந்தது எனக்கு மட்டும்தான். மாணவிகளிடம் ஒரு சொல் மாறினாலும் மதிப்பெண் குறைக்கிறவள் நான். பத்ரோஸிடம் திரும்பி, மூன்று நாளில் பொறுக்கிய மலையாளத்தைத் தமிழோடு கலந்து சொன்னேன்: "உங்களுக்குத் தெரியாமல் வெட்ட மாட்டோம் என்கிறார். ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு, நீங்களே சொல்லுங்கள் என்கிறார்."

அவர் முருகையாவை ஏற இறங்கப் பார்த்தார். முருகையாவின் முகம் அப்படிச் சொல்லக்கூடியதாக இல்லை. இருந்தாலும் கோலைத் தோளில் போட்டுக்கொண்டு என்னோடு நடந்தார்.

வீட்டுக்குள் இறங்கி, கட்டில் காலின் கல்லைத் தொட்டுப் பார்த்தார். சுவரில் தண்ணீர்க் கோட்டைப் பார்த்தார். செல்வம் தனக்குத் தெரிந்த இரண்டு மலையாளச் சொற்களில், "சேட்டா, க்ஷமிக்கணும்," என்றான். எதற்கு மன்னிப்புக் கேட்டான் என்று தெரியவில்லை. பத்ரோஸ் அவன் முழங்கால்மேல் கையை வைத்துவிட்டு வெளியே வந்தார்.

"கடல் இப்போது ஏறிக்கொண்டிருக்கிறது. இப்போது வெட்டினால் காயல் போகாது, கடல்தான் உள்ளே வரும். அவன் கட்டில் அத்தோடு போயிற்று. இரண்டு மணிக்குமேல் இறங்கும். அப்போது வெட்டலாம்."

இதை நான் ஒரு சொல் மாற்றாமல் மொழிபெயர்த்தேன். பின்னாலேயே வந்திருந்த முருகையா மம்பட்டியைக் கீழே வைத்தார்.

காத்திருந்தோம். கட்டில் சரியாமல் நான்கு பேர் முறைவைத்துப் பிடித்துக்கொண்டார்கள். மற்றவர்கள் பொழி மணலில் உட்கார்ந்து சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தார்கள். கருவாட்டுக் குழம்பும் சோறும். எனக்கு மூடியில் வைத்துக் கொடுத்தார்கள். பத்ரோஸுக்கும் நீட்டினார்கள். அவர் ஒரு துண்டு கருவாட்டை வாயில் போட்டு, "உப்புக் கூடுதல்," என்றார். எல்லாருக்கும் புரிந்தது, சிரித்தார்கள். தூரத்தில் வேலையிடத்திலிருந்து விசில் விடாமல் ஊதியது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. என் கட்டுரை நேரம் எப்போது கடந்தது என்று எனக்கு நினைவில்லை.

இரண்டு மணிக்குப் பிறகு பத்ரோஸ் குதிகாலால் மணலில் ஒரு கோடு இழுத்தார். "இங்கே. அகலம் வேண்டாம், ஆழம் போதும். மீதியைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும்." மம்பட்டிகள் இறங்கின. ஒரு முழ அகலத்தில், பொழியின் குறுக்கே, காயலிலிருந்து கடலுக்கு ஒரு சால். முதலில் ஒரு வாளி கவிழ்த்தாற்போலத் தண்ணீர் தயங்கித் தயங்கிப் போனது. பிறகு இரண்டு பக்கத்து மணலும் பாளம் பாளமாகச் சரிந்தது. "ஏறுங்க! ஏறுங்க!" என்று கத்திக்கொண்டு எல்லாரும் கரைக்குத் தாவினார்கள். அரை மணி நேரத்தில் அங்கே ஒரு ஆறே ஓடியது. ஆகாயத்தாமரைத் திட்டுகள் சுழன்று சுழன்று கடலுக்குப் போயின.

பருந்துகளும் கொக்குகளும் எங்கிருந்து வந்தன என்று தெரியவில்லை. பொழி வாய் திறந்த இடத்தில் தண்ணீர் வெள்ளியாக மினுங்கியது. அத்தனையும் குஞ்சுகள். பத்ரோஸ் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். முருகையா அவர் அருகே போய் உட்கார்ந்தார். இருவருக்கும் நடுவில் மொழிபெயர்க்க எதுவும் இல்லை.

வாய்க்கால் கரையிலிருந்து மாரியம்மாள் கத்தினாள்: "ரெண்டு கல்லு தெரியுது! ரெண்டு கல்லு!"

நாலரை மணிக்குப் பொறியாளர் ஜீப்பில் வந்தார். பேச்சை முடித்த கையோடு வந்திருக்கிறார், பாவம். யார் வெட்டியது என்று கேட்டார். மம்பட்டிகள் எல்லாம் முதுகுக்குப் பின்னால் போயின. "தண்ணியே வெட்டிக்கிட்டு சார்," என்றார் முருகையா. பத்ரோஸ் தலையசைத்து ஆமோதித்தார். பொறியாளர் ஓடும் தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்குத் தெரியாதது இல்லை. பிறகு கூட வந்த புகைப்படக்காரரிடம், தண்ணீர் பின்னால் தெரியும்படி எடுக்கச் சொன்னார்.

மறுநாள் காலை ராஜம் மலையாளப் பத்திரிகையைப் படித்துத் தமிழில் சொன்னார். "அதிகாரிகளோட சமயோசித நடவடிக்கையால வெள்ளம் வடிஞ்சுதாம். நீங்களும் அங்கேதானே இருந்தேள்? ஃபோட்டோவில காணலையே?" பயிலரங்கத்துக்காரர்கள் சான்றிதழை வீட்டுக்கே கொடுத்தனுப்பியிருந்தார்கள். கட்டுரையை மிகச் சிறப்பாக வாசித்தேன் என்று அதில் இருந்தது.

இரண்டு நாள் விடுப்பு நீட்டித்தேன். கடல் ஏறியபோது உப்புத் தண்ணீர் காயலுக்குள் வந்திருந்தது. எஞ்சிய ஆகாயத்தாமரையின் இலையோரங்கள் தீய்ந்து பழுப்பேறத் தொடங்கின. இனி இது அழுகும், நாறும், மிஞ்சிய மீனும் மூச்சுத் திணறும் என்றார் பத்ரோஸின் மனைவி. பாடப்புத்தகமும் அதையேதான் சொல்கிறது. செல்வத்துக்குப் புது மாவுக்கட்டுப் போட்டார்கள். மாரியம்மாள் வீட்டுச் சேற்றை வழித்து வாசலில் கொட்டியபடி, "இன்னொரு மழை வந்தா என்னக்கா செய்ய?" என்று கேட்டாள். நான் ஒரு துடைப்பத்தை எடுத்து மிச்சச் சேற்றைத் தள்ளினேன். கேரளத்துக்காரர்களின் தண்ணீரைப் பற்றி எனக்கு இருந்த அபிப்பிராயங்களும் அப்போது எங்கோ போயிருந்தன.

புறப்படும் நாள் காலை அவர்களிடம் சொல்லிக்கொண்டு, கழக்கூட்டம் நிறுத்தத்தில் பேருந்துக்கு நின்றேன். எதிரே, வயலை மண்ணடித்து நிரப்பி எழும்பிக்கொண்டிருந்த ஒரு அடுக்குமாடிக் கட்டடம். வாசல் பலகையில் நீலநிற ஏரியும் இரண்டு அன்னங்களும் வரைந்திருந்தார்கள். முருகையாவின் ஆட்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். நடுவில் பத்ரோஸ், தலையில் துண்டு கட்டி, கையில் புதுச் சாப்பாட்டுத் தூக்கோடு.

என்னைப் பார்த்ததும் சாலையைக் கடந்து வந்தார். செல்வம் எழுந்து நடமாடும்வரை அவன் இடத்தில் தன்னைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். சிமெண்டு கையை அரிக்கிறது, மற்றபடி பரவாயில்லை என்று உள்ளங்கையைக் காட்டினார்.

"இன்றைக்கு ஒன்பதாவது மாடிக்கு ஏற்றுகிறார்கள்," என்றார். "அங்கே நின்றால் காயல் முழுசும் தெரியுமாம். நான் அதை மேலேயிருந்து பார்த்ததே இல்லை."

முருகையா வாசலிலிருந்து கூப்பிட்டார். பத்ரோஸ் துண்டை இறுக்கிக்கொண்டு ஓடினார்.